மபூட்டோ வழியாக லிஸ்பனுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரொனால்டோவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என்று தென்னாப்பிரிக்காவில் எங்கெங்கிருந்தோ எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை வேறு எதுவும் வேண்டாம், போர்த்துகல் கால்பந்து மட்டும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அறைச் சுவரெல்லாம் ரொனால்டோ படம். அவர் இல்லாத போர்த்துகல் மேட்ச்சைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். அவர் ஆடுவதை நிறுத்திவிட்டால் இவன் கால்பந்தையே விட்டுவிடுவானோ?
(ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: அம்மா, 2016 யூரோ கோப்பை இறுதி ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் ஜூலை 10 அன்று நடந்தது, எதிரணி பிரான்ஸ், அவர்களுக்கு அது சொந்த மண். ஆரம்பத்திலேயே பிரான்ஸ் வீரர் பாயே மோதி ரொனால்டோவுக்கு முழங்காலில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து பார்த்தார், முடியவில்லை, 25-ஆம் நிமிடத்தில் அழுதபடி ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். போர்த்துகல் கதை முடிந்தது என்றுதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம். ஆனால் கோல்கீப்பர் ருயி பத்ரீசியோ ஒவ்வொரு பந்தாகத் தடுத்தார், பெப்பே பின்னால் சுவர் மாதிரி நின்றார், 90 நிமிடம் தாண்டியபின் பிரான்ஸின் ஜின்யாக் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்புறம் கூடுதல் நேரம், 109-ஆம் நிமிடம், மாற்று ஆட்டக்காரராக வந்த எடெர் பெட்டிக்கு வெளியிலிருந்து தரையோடு ஒரு அடி. 1-0. அதற்கு முன்பு பெரிய போட்டி எதையும் வெல்லாத நாடு அது. எடெர் கினி-பிசாவில் பிறந்து போர்த்துகலில் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். அந்த ஒரு கோலுக்காக அவர் பெயர் அந்த நாட்டில் என்றைக்கும் இருக்கும். ரொனால்டோவோ கோட்டுக்கு வெளியே பயிற்சியாளர் பக்கத்தில் நொண்டிக்கொண்டே நின்று கத்திக்கொண்டிருந்தார். உங்கள் மகன் அந்த ரொனால்டோவையும் பார்க்கட்டும்.

இன்னொன்று. மடெய்ரா தீவின் ஃபுன்சால் நகரத்தில் பிறந்த ரொனால்டோ, வீட்டைவிட்டு லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப்பில் சேர்ந்தபோது அவருக்கும் பன்னிரண்டு வயதுதான். அதே கிளப்தான் அவருக்கு முன்பு ஃபிகோவையும், அதே காலத்தில் குவாரெஸ்மாவையும், பின்னால் நானியையும், நூனோ மென்டெஸையும் வளர்த்தது. மகனிடம் இதைச் சொல்லி, ஸ்போர்ட்டிங்கையே ஒரு சீசன் பின்தொடரச் சொல்லுங்கள். அடுத்தது யார் வருகிறார் என்று அவனே தேட ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: யூசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவர் என்கிறார்கள். அப்படியானால் அவர் ஆப்பிரிக்கர்தானே, எப்படிப் போர்த்துகலுக்கு ஆடினார்? அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் அவரை யாராகப் பார்த்தார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், டோங்காட்)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூசேபியோ 1942 ஜனவரி 25 அன்று லொரென்சோ மார்க்கெஸில் பிறந்தார், இன்றைய மபூட்டோ. டர்பனிலிருந்து பார்த்தால் கேப் டவுனைவிட மபூட்டோதான் நமக்குப் பக்கம், இதே கடற்கரை. அன்றைக்கு மொசாம்பிக் போர்த்துகலின் காலனி, விடுதலை கிடைத்தது 1975-இல்தான். ஆகவே அங்கே பிறந்தவருக்கு ஆட வேறு தேசிய அணியே இல்லை. 1966 உலகக் கோப்பையில் போர்த்துகல் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்த அணியில் யூசேபியோ மட்டுமல்ல, கேப்டன் கொலுனா, தடுப்பு வீரர்கள் ஹிலாரியோ, விசென்டே எல்லோரும் மொசாம்பிக்கில் பிறந்தவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் அந்த அணியில் என்ன மிஞ்சும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

அந்தப் போட்டியின் காலிறுதியில் வட கொரியா 25 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டுவிட்டது. அதற்குப்பின் யூசேபியோ ஒருவரே நான்கு கோல், கடைசியில் 5-3. போட்டி முழுக்க ஒன்பது கோல் அடித்து அதிக கோல் அடித்தவரும் அவரே. முந்தைய ஆண்டு, 1965-இல், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதும் அவருக்குத்தான்.

அவர் லிஸ்பனின் இன்னொரு பெரிய கிளப்பான பென்ஃபிகாவுக்குப் போன கதை தனிக்கதை. ஊரில் அவர் ஆடியது ஸ்போர்ட்டிங்கின் கிளைக் கிளப்பில். ஸ்போர்ட்டிங் கையில் விழவேண்டிய பையனை பென்ஃபிகா தட்டிக்கொண்டு போனது. 1960 டிசம்பரில் லிஸ்பனுக்கு வரும்போது செய்தி வெளியே தெரியாமலிருக்க, ரூத் மலோசோ என்ற பெண் பெயரைச் சங்கேதப் பெயராக வைத்துத்தான் தந்தி பேசிக்கொண்டார்களாம். வந்த பிறகும் தகராறு தீரும்வரை தெற்கே அல்கார்வ் பக்கம் கொஞ்ச நாள் மறைத்து வைத்திருந்தார்கள். 1962-இல், கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில், ரியல் மாட்ரிட்டை 5-3 என்று வென்றபோது கடைசி இரண்டு கோலும் அந்தப் பையன் அடித்தது. பென்ஃபிகாவும் ஸ்போர்ட்டிங்கும் இன்றைக்கு மோதும்போதும் அந்தப் பழைய வழக்கு அடியில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

இங்கே எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். அறுபதுகளில் நம் நாட்டைச் சர்வதேசக் கால்பந்துச் சங்கம் தள்ளி வைத்திருந்தது, நிறவெறிதான் காரணம். நம் ஆட்களும் கறுப்பின வீரர்களும் டர்பனின் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடியதோடு சரி, உலகக் கோப்பை என்பது கனவிலும் கிடையாது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பாட்டுக்காக எல்.எம். ரேடியோ போடுவார், அந்த லொரென்சோ மார்க்கெஸிலிருந்து வந்த ஒலிபரப்புதான். 'இந்தப் பாட்டு வருகிற ஊரிலிருந்துதான்டா அவன் வருகிறான்' என்று யூசேபியோவைப் பற்றிச் சொல்வார். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒரு கறுப்புப் பையன் இங்கிலாந்து மைதானத்தில் எல்லோரையும் ஓடவிட்டான் என்பது இங்கே இருந்தவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. காலனி ஆட்சி அவர் உழைப்பையும் புகழையும் தனதாக்கிக்கொண்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014 ஜனவரி 5 அன்று அவர் இறந்தபோது போர்த்துகல் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது.

கேள்வி: போர்த்துகல் லீக்கில் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் மூன்றுதான் மாறி மாறி வெல்கின்றன. இதில் என்ன சுவாரசியம் அண்ணா?
(ஒரு வாசகர், லெனேசியா)

பதில்: கணக்கு நீங்கள் சொல்வதைவிட மோசம் தம்பி. 2024–25 சீசன் வரை 91 பட்டங்களில் பென்ஃபிகா 38, போர்ட்டோ 30, ஸ்போர்ட்டிங் 21. மிச்சம் இரண்டே இரண்டு: 1945–46-இல் பெலனென்சஸ், 2000–01-இல் போவிஸ்டா.

நான் சொல்ல வந்தது அந்தப் போவிஸ்டாவைத்தான். போர்ட்டோ நகரத்திலேயே இருக்கிற சின்ன கிளப், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை. பக்கத்துத் தெருவிலிருக்கிற மாதிரி அவ்வளவு பெரிய போர்ட்டோ கிளப் நிற்க, அதைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்துப் பட்டத்தைத் தூக்கினார்கள். பயிற்சியாளர் ஜைமி பஷேக்கோ. அப்புறம் சரிவு. நடுவர்களை மிரட்டியதாக வந்த வழக்கில் 2008-இல் கீழே இறக்கப்பட்டார்கள், பின்னால் அந்த முடிவு செல்லாது என்றானபிறகு 2014-இல்தான் முதல் டிவிஷனுக்குத் திரும்ப முடிந்தது. கடன் மட்டும் விடவில்லை. 2024–25-இல் கடைசி இடம், மறுபடியும் கீழே.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? எனக்கு வருகிறது. 1996–97, நம் நாட்டில் பிரீமியர் லீக் ஆரம்பித்த முதல் சீசன். கைஸர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ், சன்டவுன்ஸ் எல்லோரும் இருக்கும்போது கோப்பையைத் தூக்கியது யார்? சாட்ஸ்வொர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ்! பயிற்சியாளர் கார்டன் இகெசுண்ட். அந்த ஆண்டு சாட்ஸ்வொர்த் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கடைக்கடையாகப் பேச்சு, கோயில் வாசலில்கூட அதே பேச்சு, கால்பந்து பார்க்காத ஆயாக்கள்கூட 'நம்ம பசங்க ஜெயிச்சாங்களா' என்று கேட்பார்கள். அப்புறம் பத்தே வருடத்தில் பணமுடை, கிளப் கைமாறி, பெயர்மாறி, ஊரையும் விட்டுப் போய்விட்டது. இன்றைக்கு இருபது வயதுப் பையனிடம் மேனிங் ரேஞ்சர்ஸ் என்றால் யார் என்று கேட்கிறான், அது என் மனசை என்னவோ செய்கிறது.

ஆகவே போவிஸ்டா ரசிகன் ஒருவன் பெஸ்ஸா மைதானத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்து என்ன நினைப்பான் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்த்துகல் லீக்கைப் பட்டம் யாருக்கு என்று மட்டும் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரி மூன்று பெயர்தான். 18 கிளப், 34 சுற்று, கடைசி இரண்டு இடம் நேராகக் கீழே, 16-ஆம் இடத்துக்கு இரண்டாம் டிவிஷனின் மூன்றாம் இடத்தோடு மேட்ச். அந்த அடிவரிசைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் பாருங்கள். பிராகாவைப் பாருங்கள், கல்குவாரிப் பாறையைக் குடைந்து கட்டிய மைதானம், ஒரு கோலுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையே கிடையாது, வெறும் பாறைதான். குய்மராய்ஸ் ஊர்க்காரர்களைப் பாருங்கள், மற்ற ஊர்களில் பாதிப்பேர் பென்ஃபிகா, போர்ட்டோ என்று சொல்லும்போது அவர்கள் தங்கள் ஊர்க் கிளப்பான விட்டோரியா ஒன்றைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: பென்ஃபிகாவுக்குச் சாபம் இருக்கிறதாமே?
(ஒரு வாசகர், வெருலம்)

பதில்: பெலா குட்மன் என்ற ஹங்கேரிப் பயிற்சியாளர் 1961, 1962 இரண்டு ஆண்டும் பென்ஃபிகாவுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஊதியம் கூட்டிக் கேட்டார், நிர்வாகம் மறுத்தது, கிளம்பிவிட்டார். 'இன்னும் நூறு வருடத்துக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடையாது' என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பேச்சு. அதற்குப்பின் 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014 என்று எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறார்கள். 1990 இறுதி வியன்னாவில், குட்மன் கல்லறையும் அதே ஊரில்தான். யூசேபியோவே அங்கே போய் வேண்டிக்கொண்டார் என்பார்கள். அன்றைக்கும் மிலானிடம் 0-1.

எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. எட்டு இறுதி ஆட்டத்துக்குப் போன கிளப்பைச் சாபம் பிடித்த கிளப் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கேள்வி: நன்றாக ஆடுகிற பையன் யாராக இருந்தாலும் இரண்டு வருடத்தில் இங்கிலாந்துக்கோ பிரான்ஸுக்கோ விற்றுவிடுகிறார்கள். ரசிகர்களைப் பற்றிக் கவலையே இல்லையா?
(பல்கலைக்கழக மாணவி, வெஸ்ட்வில்)

பதில்: கவலை இருக்கிறது தங்கச்சி, பணம் இல்லை. சின்ன நாடு, சுமார் ஒரு கோடிப் பேர், டிவி வருமானம் இங்கிலாந்தோடு ஒப்பிடவே முடியாது. மூன்று பெரிய கிளப்புகளும் உயிரோடிருப்பதே வீரர்களை வளர்த்து விற்றுத்தான். ஜோவாவோ ஃபெலிக்ஸை 2019-இல் பென்ஃபிகா 12.6 கோடி யூரோவுக்கு ஸ்பெயினின் அட்லெடிகோவிடம் விற்றது. என்ஸோ ஃபெர்னான்டஸ் கதை இன்னும் வேகம்: 2022 கோடையில் அர்ஜென்டினாவிலிருந்து வாங்கினார்கள், நடுவில் உலகக் கோப்பை வென்று வந்தார், 2023 ஜனவரி கடைசியில் செல்சீக்கு 12.1 கோடி யூரோ. ஆறே மாதம்!

ஸ்போர்ட்டிங்கின் கியோகெரெஸ் 2024–25 லீக்கில் மட்டும் 39 கோல் அடித்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அடுத்த சீசன் ஆர்சனலில். ஆட்கள் போவார்கள் என்று தெரிந்தே ரசிகர்கள் பாசம் வைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2025 மே 31, மியூனிக்கில் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி இண்டர் மிலானை 5-0 என்று அடித்து சாம்பியன்ஸ் லீக் வென்றது. அந்த அணியில் நூனோ மென்டெஸ் ஸ்போர்ட்டிங் பையன், வித்தீனியா போர்ட்டோ பையன், ஜோவாவோ நெவெஸும் கோன்சாலோ ராமோஸும் பென்ஃபிகா பையன்கள். எட்டே நாள் கழித்து, ஜூன் 8, அதே மைதானத்தில் நால்வரும் போர்த்துகல் அணியோடு வந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீக்கின் இறுதி, எதிரே ஸ்பெயின், 2-2, பெனால்டியில் 5-3. மென்டெஸ் ஒரு கோல் அடித்ததோடு, ஸ்பெயினின் யமாலை அசையவிடாமல் பிடித்து வைத்ததைத்தான் நான் மூன்று முறை திரும்பப் பார்த்தேன். அந்தக் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நின்ற தியோகோ ஜோட்டா ஒரு மாதத்துக்குள், ஜூலை 3 அன்று, தம்பியோடு கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் படத்தை இப்போதும் என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

கேள்வி: 2010-இல் போர்த்துகல் டர்பனில் ஆடியபோது நீங்கள் போனீர்களா? என் தாத்தா போனாராம், 'கோலே இல்லை' என்று இன்னும் குறைப்படுகிறார்.
(ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: போனேன்! ஜூன் 25, மோசஸ் மபிடா மைதானம், எதிரே பிரேசில். ஒரே மொழி பேசுகிற இரண்டு நாடு இங்கே வந்து மோதியது. ஜோஹன்னஸ்பர்க் ரோசட்டன்வில் பக்கமிருந்து போர்த்துகீசியக் குடும்பங்கள் கொடியோடு வந்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் மடெய்ராவில் பிறந்தவர், அவர் மனைவி மபூட்டோவிலிருந்து 1975-க்குப் பிறகு வந்தவர். மனைவி பையிலிருந்து எனக்கும் ஒரு ரொட்டி எடுத்துக் கொடுத்தார், உள்ளே பெரி-பெரி போட்ட கோழி, நம் வீட்டு மிளகாய்க்குக் குறைந்த காரம் இல்லை.

கோல் இல்லை என்பது உண்மைதான், 0-0. ஆனால் முதல் பாதியில் மட்டும் ஏழு மஞ்சள் அட்டை, பெப்பேயும் ஃபெலிப்பே மெலோவும் மோதிய மோதலில் மெலோவை இடைவேளைக்கு முன்பே பிரேசில் பயிற்சியாளர் வெளியே எடுத்துவிட்டார். தாத்தாவிடம் அதை ஞாபகப்படுத்துங்கள். கோல் பார்க்க வேண்டுமென்றால் நான்கு நாள் முன்பு கேப் டவுனுக்குப் போயிருக்க வேண்டும், வட கொரியாவை 7-0. யூசேபியோவின் 1966-க்குப்பின் உலகக் கோப்பையில் அந்த இரண்டு நாடும் சந்தித்தது அன்றைக்குத்தான்.

அன்று போர்த்துகல் பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ். அவரும் மொசாம்பிக்கில், நம்பூலாவில் பிறந்தவர். நம் தேசிய அணியான பஃபானா பஃபானாவை 2002 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற வைத்தவரும் அவர்தான், போட்டி தொடங்கும் முன்பே விலகிவிட்டார். பாருங்கள், எங்கே தொட்டாலும் இந்தக் கடற்கரைக்கே வருகிறது.

கேள்வி: தென்னாப்பிரிக்கர்கள் யாராவது அங்கே பெயர் வாங்கியிருக்கிறார்களா?
(ஒரு வாசகர், பீட்டர்மேரிட்ஸ்பர்க்)

பதில்: பென்னி மெக்கார்த்தி. கேப் டவுன் ஹனோவர் பார்க் பையன். 2003–04-இல் பயிற்சியாளர் மொரீனியோவின் போர்ட்டோவுக்காக லீக்கில் 20 கோல், அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவர். சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் போர்ட்டோ மே 26 அன்று மொனாக்கோவை 3-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். லூதர் சிங்கைப் பற்றியும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்: பிராகாவில் சேர்ந்து, பாசோஸ் ஃபெரெய்ராவுக்குக் கடனாகப் போய் ஆடினார்.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். போர்த்துகலில் பெண்கள் கால்பந்து உண்டா?
(ஒரு தந்தை, ஸ்டாங்கர்)

பதில்: நன்றாகவே உண்டு. 2023-இல் முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வந்தார்கள், வியட்நாமை 2-0 வென்றார்கள். கடைசி குரூப் ஆட்டத்தில் அமெரிக்காவோடு 0-0, ஆட்டம் முடியும் நேரத்தில் அனா கபெட்டா அடித்த பந்து கம்பத்தில் பட்டது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் அமெரிக்கா முதல் சுற்றோடு வீட்டுக்கு! அதே போட்டியில் நம் பெண்கள் அணியான பன்யானா பன்யானா பதினாறு அணிச் சுற்றுக்குப் போனார்கள். பென்ஃபிகாவில் வளர்ந்து பார்சிலோனாவுக்குப் போன கிக்கா நசரெத்தை மகளுக்குக் காட்டுங்கள், நடுக்களத்தில் பந்தை வாங்கும் முன்பே தலையைத் திருப்பிப் பார்க்கிற அந்தப் பழக்கத்தை அவள் பிடித்துக்கொண்டால் போதும்.

கேள்வி: மேட்ச் எத்தனை மணிக்கு? எப்போதும் குழப்பமாக இருக்கிறது.
(மூன்று வாசகர்கள்)

பதில்: லீக் ஆகஸ்டிலிருந்து மே வரை. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை லிஸ்பன் நேரத்தோடு இரண்டு மணி கூட்டுங்கள், மற்ற மாதங்களில் ஒரு மணி. அங்கே இரவு எட்டரை என்றால் டிசம்பரில் நமக்குப் பத்தரை, ஏப்ரலில் ஒன்பதரை. பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி இருந்தால் சனி, ஞாயிறு மாலை ஆட்டங்களே போதும்.